குதித்தவள் ஊரில் ஒரு ராத்திரி

"லேகாக் போறோம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா, "அது என்னடா லேகியம் மாதிரி? உடம்புக்கு ஏதாவது பண்றதா?" என்றாள்.

லேகியம் இல்லை சார், ஊர். இங்கிலாந்தில் வில்ட்ஷையர் மாவட்டத்தில் இருக்கிறது. மொத்தமே நாலு தெரு. நாலும் சேர்ந்து ஒரு சதுரம். கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் நம்மூர் மாட வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் மட்டும் கிடையாது. ஒரு மூலையில் கிளம்பி, எதிர்ப்படும் நாய்களையெல்லாம் குசலம் விசாரித்துக்கொண்டு நடந்தாலும் அரை மணியில் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

இந்த நாலு தெருவுக்கு எங்களை நெட்டித் தள்ளியவன் என் மச்சினன். ஸ்விண்டனில் கம்ப்யூட்டர் வேலை. டிக்கெட் போட்டு எங்களை வரவழைத்தவனும் அவனே. "மாமா, நீங்களும் அக்காவும் ஹனிமூனே போகலை. குட்டியை நான் பார்த்துக்கறேன். ஒரு நாள் போய்த் தங்கிட்டு வாங்க. ரூம் போட்டாச்சு" என்றான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். எங்கள் வீட்டில் கணவன் - மனைவி உரையாடல் என்பது இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், 'கேஸ் புக் பண்ணியாச்சா' ஆகிய மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிட்டது. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க எப்படி ஓட்டுவது என்று எனக்கு உள்ளூர உதறல்.

"ரூம் வாடகை எவ்வளவு?" என்றேன்.

"கேட்காதீங்க மாமா."

கேட்டேன். நான் பி.காம். பவுண்டைப் பார்த்தால் நூறால் பெருக்கும் வியாதி உண்டு. பெருக்கினேன். போகும் முன்பே ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று.

*

ஸ்விண்டனிலிருந்து சிப்பனம் வரை ரயிலில் கால் மணி நேரம். (லண்டன் பாடிங்டனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.) அங்கிருந்து தெற்கே ஐந்து கிலோ மீட்டர் பஸ். ஏறினதுமே டிரைவர் இவளைப் பார்த்து, "எங்கே போகணும், மை லவ்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்குப் பின்னால் ஏறின எண்பது வயசுப் பாட்டியையும் அவர் 'மை லவ்' என்றபிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் பக்கத்தில் அது நம்ம 'வாங்கம்மா' மாதிரி. இவள் மட்டும் அன்று பூரா, "அவர் ஒருத்தராவது சொன்னாரே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் நுழைந்ததும் என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. தலைக்கு மேலே ஒயர் இல்லை. கூரையில் டி.வி. ஆன்டெனா இல்லை. ரோட்டோரத்தில், இங்கிலாந்து பூரா இழுத்து வைத்திருக்கும் 'நோ பார்க்கிங்' மஞ்சள் கோடுகூட இல்லை. ஓக் மரச் சட்டங்கள் வெளியே தெரிய, நடுவில் சுண்ணாம்பு பூசின வீடுகள். மாடி கீழ்த்தளத்தைவிட ஓரடி முன்னால் துருத்திக்கொண்டு, யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறது. சில வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்த மாமாக்கள் மாதிரி.

ஆட்டுக் கம்பளி வியாபாரத்தில் பணம் புரண்ட காலத்தில் எழுந்த ஊர். 18-ம் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே புதிதாகக் கட்டியது ரொம்பக் குறைச்சல். காரணம், ஊரே ஒரு குடும்பத்தின் சொத்து. டால்பாட் குடும்பம். இடிப்பதற்கும் ஆள் இல்லை, அடுக்குமாடி கட்டுவதற்கும் ஆள் இல்லை. அந்தக் குடும்பத்தில் மெட்டில்டா டால்பாட் என்று ஓர் அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1944-ல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, அரண்மனை மாதிரியான வீட்டையும் கிராமத்தையும் சேர்த்து நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் ஒரு மூலையில் மாக்னா கார்ட்டாவின் 1225-ம் வருஷப் பிரதி ஒன்று இருந்தது. அதையும் தூக்கி பிரிட்டிஷ் மியூசியத்துக்கு! ஒரு ஊரையே நன்கொடை கொடுத்தால் 80-ஜியில் எவ்வளவு கழிக்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் அநேகமாக எல்லா வீடும் டிரஸ்டுடையதுதான். ஆனால் பொம்மை வீடுகள் அல்ல. வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் ஸ்கூல் புராஜெக்ட், வாசலில் சேறு அப்பின பூட்ஸ், உள்ளேயிருந்து குக்கர் சத்தத்துக்குப் பதிலாக மைக்ரோவேவ் 'டிங்'. சினிமாக்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் அல்வா. ரோட்டில் கொஞ்சம் மண்ணைக் கொட்டினால் 1800-ம் வருஷம் ரெடி. 1995-ல் பி.பி.சி. எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் மெரிட்டன் என்று வரும் ஊர் இதுதான். ஹாரி பாட்டர் விசிறிகளும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அது பற்றிப் பிறகு.

ரூமுக்குப் போனோம். கதவைத் திறந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "தலை ஜாக்கிரதை" என்றார். 'தலை' என்பதற்குள் இடித்துக்கொண்டேன். 'ஜாக்கிரதை' முடிவதற்குள் இரண்டாவது உத்தரம். நானூறு வருஷத்துக்கு முந்தின ஆட்கள் எல்லாரும் என்ன உயரம் என்பது என் நெற்றியில் இன்றும் பதிவாகியிருக்கிறது. தரை வேறு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கீழே விழுந்த பேனா மூடி தானாக உருண்டு போய் பாத்ரூம் வாசலில் நின்றது. "ஆகா, வழி காட்டுது பாருங்க" என்றாள் இவள்.

*

மத்தியானம் 'ஜார்ஜ் இன்' என்கிற சத்திரம். 1361-லிருந்து இருக்கிறதாம். அங்கே அடுப்பங்கரை ஓரம், சுவரோடு சேர்த்து ஒரு மரச் சக்கரம். பெரிய சைஸ் எலிக்கூண்டுச் சக்கரம் மாதிரி. அந்தக் காலத்தில் அதற்குள் ஒரு குட்டைக்கால் நாயை விடுவார்கள். நாய் ஓட ஓட சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றச் சுற்ற அடுப்பின் மேல் கம்பியில் கோத்த இறைச்சி திரும்பித் திரும்பி வேகும். இதற்கென்றே ஒரு நாய் வகை இருந்து, மிஷின் வந்ததும் அந்த வகையே பூண்டற்றுப் போய்விட்டது.

இவள் சக்கரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், மூக்குக்கு நேரா கறி. ஆனா கைக்கு வராது. ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களை மாதிரி ஃப்ரீலான்ஸ் போல" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. இவள் கவிச்சி தொட மாட்டாள். ஒரு கடையில் 'லார்டி கேக்' என்று எழுதியிருந்தது, வில்ட்ஷையர் ஸ்பெஷல். "லார்ட்னா சாமிதானே? பிரசாதம் மாதிரி இருக்கும்" என்று நான் ஆங்கிலப் புலமையைக் காட்டினேன். அந்த 'லார்ட்' வேறு. பன்றிக் கொழுப்பு. கடைக்காரப் பெண் நல்லவேளையாக முதலிலேயே சொல்லிவிட்டாள். ஸ்கோனும் கெட்டி க்ரீமும் சாப்பிட்டு விரதத்தைக் காப்பாற்றினோம்.

ஈஸ்ட் ஸ்ட்ரீட் மூலையில் ஒரு பெரிய களஞ்சியம் இருக்கிறது. 14-ம் நூற்றாண்டு. கூரைக்குள் அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட கப்பலுக்குள் நிற்பது போல இருக்கும். மடத்துக்குக் குடியானவர்கள் வாடகையையும் தசமபாகத்தையும் தானியமாக, தோலாக, கம்பளியாக அளந்து போட்ட இடம். அதை ஒட்டினாற்போல ஜன்னலே இல்லாத ஒரு சின்னக் கல் அறை. பெயர் 'குருட்டு வீடு'. குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்கிறவனை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுவார்களாம்; காலையில் தெளிந்ததும் திறப்பு. வரி வசூலுக்கும் குடிமகனுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம்! நம்மூர் பட்ஜெட் ரகசியம் இங்கேயிருந்துதான் கிளம்பியிருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

நாலரை, ஐந்து மணிக்கு ஒரு காரியம் நடக்கிறது. பகலில் வந்த கார்களெல்லாம் திரும்பிப் போய்விடுகின்றன. கேமராவும் கையுமாகத் திரிந்த கூட்டம் மாயமாகிறது. அப்போதுதான் ஊர் ஊராகிறது. அக்டோபர் கடைசி, சீக்கிரம் இருட்டிவிட்டது. புகைக்கூண்டுகளிலிருந்து விறகுப் புகை வாசனை. ஒரு வீட்டில் யாரோ பியானோ பழகிக்கொண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு விட்டுக்கொண்டிருந்தார்கள். சர்ச்சைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஓடை ஒன்று தார் ரோட்டின் குறுக்கேயே ஓடுகிறது. நடக்கிறவர்களுக்கு ஓரமாய் ஒரு பாலம். அந்தப் பாலத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். லேகாக் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடனை உடனை வாங்கியாவது ஒரு ராத்திரி தங்குங்கள்.

"காலு வலிக்குது" என்றாள் இவள்.

இந்தக் கால் வலிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சொல்லியாக வேண்டும்.

*

நானும் இவளும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எதிரெதிர் மேஜை. வவுச்சர் சரிபார்க்கிற சாக்கில் ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஊர், ஒரே பாஷை, ஒரே குலசாமி என்றுகூடச் சொல்லலாம். ஜாதி மட்டும் வேறு. அவள் அப்பா கோபக்காரர் இல்லை. கத்தவில்லை, அடிக்கவில்லை. "சரிப்படாது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அப்புறம் வேறு இடத்தில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்.

ஒரு விடியற்காலை, அஞ்சு மணி. இவள் வீட்டு காம்பவுண்டு சுவர், நாலரை அடி. அந்தப் பக்கம் இவள், ஒரு ஷோல்டர் பேக். இந்தப் பக்கம் நான், நண்பனின் பைக். திட்டப்படி இவள் குதிக்க வேண்டும், நான் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. நான் குனிந்து கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'தொப்'பென்று சத்தம். திரும்பினால் இவள் தரையில். கணுக்கால் பிசகிவிட்டது.

ரிஜிஸ்டர் ஆபீஸில் நொண்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு என்று இருக்கிற ஒரே படம், அந்த ஆபீஸுக்கு எதிரே இருந்த கடையில் அவசரமாக எடுத்த ஜாயின்ட் பாஸ்போர்ட் போட்டோ. அதில் இவள் முகம் சுளித்திருக்கும். பார்க்கிறவர்கள், 'பொண்ணுக்கு இஷ்டமில்லையோ' என்பார்கள். இஷ்டமெல்லாம் இருந்தது சார். வலி.

அவள் அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. ஆறு வருஷம். பேரன் பிறந்தபோதும் வரவில்லை. தம்பிக்காரன் மட்டும் தொடர்பில் இருக்கிறான். இவள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவாள். இரண்டு டிக், பிறகு நீலமாகும். அவ்வளவுதான். "பிளாக் பண்ணலை பாருங்க" என்பாள். அதிலேயே ஒரு சந்தோஷம்.

அன்று ராத்திரி அந்தச் சரிந்த தரையில், வீட்டுக்கார அம்மாள் கொடுத்த வெந்நீர்ப் பையை நான் இவள் கணுக்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹனிமூன் என்றால் இதுதான் போலிருக்கிறது. "அன்னிக்கு நீங்க பிடிக்கலை" என்றாள் திடீரென்று. ஆறு வருஷத்தில் முதல் முறை. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் உத்தரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

*

மறுநாள் காலை லேகாக் அபி. ஊரின் கிழக்கே, புல்வெளிக்கு நடுவே நிற்கிறது. ஈலா என்கிற சாலிஸ்பரி சீமாட்டி, புருஷன் செத்துப்போன பிறகு, 1232-ல் கன்னியாஸ்திரிகளுக்காக ஏற்படுத்திய மடம். பின்னால் தானே அங்கே சேர்ந்து தலைவியாகவும் இருந்தார். முந்நூறு வருஷம் மணியடித்துப் பிரார்த்தனை நடந்தது. 1539-ல் எட்டாம் ஹென்றி, மடங்களையெல்லாம் மூடச் சொன்ன கையோடு, இதையும் மூடினார். வில்லியம் ஷாரிங்டன் என்பவர் 783 பவுண்டுக்கு வாங்கினார். (நூறால் பெருக்கினேன். எண்பதாயிரம்கூட வரவில்லை. ரூம் வாடகை ஞாபகத்துக்கு வந்து நெஞ்சை அடைத்தது.)

இந்த ஷாரிங்டனை காமர்ஸ் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிஸ்டல் நாணயச் சாலையில் பெரிய அதிகாரி. அனுமதித்ததைவிட அதிகமாகக் காசு அடித்தார், காசுகளின் ஓரத்தைச் சுரண்டினார். கணக்குப் புத்தகத்துக்குப் பொய்யாக ஒரு நகல் எழுதி வைத்துவிட்டு ஒரிஜினலை ஒழித்துக்கட்டினார். 1549-ல் மாட்டிக்கொண்டார். தலை போயிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாங்கி, பெரும் தொகை கட்டி, பறிபோன நிலத்தையும் திரும்பப் பெற்றார். ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், எனக்கு அந்த மனுஷன் மேல் ஒரு பயபக்தி ஏற்பட்டது.

கீழே மடத்தின் பழைய தாழ்வாரங்கள் அப்படியே இருக்கின்றன. ஹாரி பாட்டர் முதல் படத்துக்காக இங்கேதான் படம்பிடித்தார்கள். ஒரு கூடத்தில் பிரமாண்டமான வெண்கலக் கொப்பரை. அது சினிமாக்காரர்கள் விட்டுப் போனது அல்ல. 1500-ல் பெல்ஜியம் பக்கத்து மெக்கலன் நகரில் வார்த்தது. ஒரு சின்னப் பையன் கோலை வைத்துக்கொண்டு கொப்பரையைப் பார்த்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்நூறு வருஷமாக எத்தனை பார்த்திருக்கும்.

ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். ரிட்டயர் ஆனவர்கள், சம்பளமில்லாத தொண்டு. கேட்டால் கொட்டித் தீர்ப்பார்கள், கேட்காவிட்டாலும் விட மாட்டார்கள். அப்படி ஒரு தாத்தா எங்களை ஓரங்கட்டினார். "புதுசாய்க் கல்யாணம் ஆனவர்களா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இவள், "எஸ்" என்றாள்.

"அப்படியானால் ஆலிவ் கதையைச் சொல்கிறேன்."

ஷாரிங்டனுக்குப் பிறகு சொத்து அவர் தம்பி ஹென்றிக்கு வந்தது. தம்பியின் மகள் ஆலிவ். ஜான் டால்பாட் என்கிற பையனைக் காதலித்தாள். அப்பா கூடாது என்றுவிட்டார். ஒரு ராத்திரி அவள் மடத்தின் உச்சியில், கைப்பிடிச் சுவர் ஓரம். அவன் கீழே. பேசிக்கொண்டேயிருந்தவள், "நான் குதிக்கிறேன்" என்றாள். அவன் நம்பவில்லை. குதித்தேவிட்டாள்! அந்தக் காலத்துப் பாவாடை, காற்றில் குடை மாதிரி விரிந்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததாம். அவன் இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்த வேகத்தில் அவன் மூர்ச்சை போட்டுவிட்டான். செத்தே போனான் என்று இவள் அலற, ஆட்கள் ஓடிவந்து, ரொம்பப் பாடுபட்டு உயிர் மீட்டார்கள். 17-ம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்பவர் இந்தக் கதையை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடந்ததோ இல்லையோ, ஆலிவ் அந்த ஜானைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது நிஜம்.

"அவ அப்பா என்ன சொன்னார்?" என்றாள் இவள்.

"இவ்வளவு பெரிய குதி குதித்துவிட்டாள், இனி அவனுக்கே கட்டி வைத்துவிட வேண்டியதுதான் என்றாராம்."

"அவ்வளவுதானா? அதோட கோபம் போயிடுச்சா?"

"அவ்வளவுதான், மை டியர்" என்று தாத்தா சிரித்தார்.

வெளியே வந்தோம். நான் வழக்கம்போல, "அந்த ஜான்கிட்ட பைக் இல்லை. அதனால பிடிச்சான்" என்றேன். சிரிக்கவில்லை. புல்வெளியில் நின்று அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் முந்தானை படபடத்தது, ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.

"அந்த அப்பாவுக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்துச்சு" என்றாள்.

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. ஆறு வருஷமாக நாங்கள் இ.எம்.ஐ. பற்றி ஏன் அவ்வளவு பேசினோம் என்பது அந்தப் புல்தரையில்தான் எனக்கு உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. ரொம்ப நேரம் பேசினோம். அதெல்லாம் பத்திரிகைக்கு இல்லை.

*

பாக்கி இருந்தது ஒரு ஜன்னல். ஆலிவ் குதித்ததால் வந்த வம்சத்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் என்று ஒருத்தர், 1800-ல் பிறந்தார். கணிதம், தாவரவியல், பழைய பாஷைகள், பார்லிமென்ட் மெம்பர் பதவி, எல்லாம் கைக்கு வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை: படம் வரைவது. 1832 டிசம்பரில் கல்யாணம். மனைவி கான்ஸ்டன்ஸ் நன்றாக வரைவார். அடுத்த வருஷம் அக்டோபரில் இருவரும் இத்தாலியில் கோமோ ஏரிக் கரைக்குப் போனார்கள். லேட் ஹனிமூன். (எங்களைவிட சீக்கிரம்தான்.) அங்கே மனுஷர் கேமரா லூசிடா என்ற கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடி வழியே பார்த்தால் எதிரே இருக்கும் காட்சி காகிதத்தின் மேல் கிடப்பது போலத் தெரியும். பென்சிலால் மேலேயே இழுத்தால் போதும். அதற்கும் கை ஒத்துழைக்கவில்லை. வெறுத்துப்போய், இந்தக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். ஹனிமூனில் யோசிக்கிற விஷயமா? ஆனால் நம் எல்லார் செல்போனிலும் இருக்கிற ஆயிரக்கணக்கான படங்களுக்கு அதுவும் ஒரு பிள்ளையார் சுழி.

லேகாக் திரும்பியதும் காகிதத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளி நைட்ரேட் தடவி, சின்னச் சின்ன மரப்பெட்டிகளுக்குள் வைத்து, வீட்டைச் சுற்றி அங்கங்கே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கான்ஸ்டன்ஸ் அந்தப் பெட்டிகளுக்கு வைத்த பெயர் 'எலிப்பொறி'. (மனைவிமார்கள் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான்.) 1835 ஆகஸ்டில், தெற்குக் கூடத்தில், சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் நடு ஜன்னலைப் பார்க்க ஒரு பெட்டியை வைத்தார். விழுந்தது ஒரு படம், தபால் தலை அளவு. வெளிச்சமாக இருந்த கண்ணாடியெல்லாம் கருப்பாகவும், இருட்டுச் சட்டங்கள் வெள்ளையாகவும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இருநூறு சில்லுக் கண்ணாடிகளையும் எண்ணலாம் என்று பக்கத்திலேயே குறித்து வைத்தார். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். பிரான்சில் டாகேர் கண்டுபிடித்து 1839-ல் அறிவித்த முறையில் ஒரு படம் எடுத்தால் ஒரே படம்தான். டால்பாட் வழியில் ஒரு நெகட்டிவ் இருந்தால் எத்தனை காப்பி வேண்டுமானாலும் போடலாம். சின்ன வயசில் ஸ்டூடியோக்காரர், "நெகட்டிவ் வேணும்னா தனியா காசு" என்று சொன்னதெல்லாம் இங்கே ஆரம்பித்த வியாபாரம்.

அந்த ஜன்னல் அப்படியே இருக்கிறது. பெரிசாக ஒன்றுமில்லை. நம்ம ஆபீஸ் கேன்டீன் ஜன்னல் இதைவிடப் பெரிசு. ஆனாலும் அதன் எதிரே நின்றால் கொஞ்சம் பேச்சு நின்றுதான் போகிறது.

ஆலிவ் கதை சொன்ன தாத்தா பின்னாலேயே வந்துவிட்டார். "இரண்டு பேரும் ஜன்னல்கிட்ட நில்லுங்கள். நான் எடுக்கிறேன்" என்று செல்போனைக் கேட்டார். நின்றோம். அவர் கை நடுங்கிக்கொண்டே மூன்று தடவை தட்டினார். வாங்கிப் பார்த்தால், பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து, ஜன்னல் பளீரென்று, நாங்கள் இரண்டு பேரும் கன்னங்கரேலென்று இரண்டு நிழல்கள். மூக்கு எது, வாய் எது தெரியவில்லை. நான் இன்னொன்று எடுக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன். தாத்தா அதற்குள் அடுத்த ஜோடியிடம் ஆலிவை மாடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இதுவே நல்லாயிருக்கு" என்றாள் இவள்.

*

பஸ் ஸ்டாப். குளிர். இவள் போனை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னவோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அந்த நிழல் போட்டோ. மேலே 'அப்பா' என்று இருந்தது. கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அனுப்பிவிட்டாள். பண்டிகை இல்லாத நாளில் அவள் அவருக்கு எதையும் அனுப்பியது அதுவரை கிடையாது.

இரண்டு டிக். நீலம் ஆயிற்று.

'டைப்பிங்' என்று வந்தது. போயிற்று. திரும்ப வந்தது. திரும்பப் போயிற்று. இவள் மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை. தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

போன் 'டிங்' என்றது.

"முகம் தெரியல."

அவ்வளவுதான். இவள் அதை நாலைந்து தடவை படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்து நின்று கதவு திறந்தது. அதே டிரைவர். "வருகிறீர்களா, மை லவ்?"

"வாங்க, வாங்க" என்று இவள் என்னைப் பிடித்து இழுத்தாள். பஸ்ஸுக்கு இல்லை. எதிர்ப்பக்கம், வெயில் விழுந்துகொண்டிருந்த ஒரு கல் சுவருக்கு.

"பஸ் போயிடும்டி, அடுத்தது எப்ப வருமோ..."

"வரட்டும். இப்படி வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்க. தலையைச் சீவிக்குங்க. அந்த நெத்தி வீக்கம் தெரியாம கொஞ்சம் திரும்புங்க... ம், சிரிங்க."